பாட்டிலே பாடம் சொன்ன வாத்தியார்
பயிற்சிப் பள்ளியில் பயின்று, பயிற்சிப் பள்ளிக்கே ஆசிரியரான கவிமணியின் கதை

இரணியல் பழைய ஊர்.

ஒரு காலத்தில் அங்கே அரசர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் இருந்த அரண்மனை பின்னாளில் இடிந்து பாழ்பட்டது. ஆனால் ஊர் ஓய்ந்துவிடவில்லை. கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊராக விளங்கியது.

திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இரணியல் ஒரு தாலுகா. தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு என்று ஐந்து தாலுகாக்கள் தெற்கே இருந்தன. ஐந்திலும் தமிழர்கள் ஏராளமாக வாழ்ந்தார்கள். ஆனால் அரசாங்கத்தின் மொழி மலையாளம்.

அந்தக் காலத்தில் இரணியலில் ஓர் இளைஞனுக்கு வாத்தியார் வேலைக்குப் போக ஆசை வந்தால் என்ன செய்வான்? பத்துப் பன்னிரண்டு மைல் கிழக்கே நாகர்கோவிலுக்குப் போவான். அங்கே "போதனாமுறைப் பாடசாலை" இருந்தது. ஆசிரியர்களை உண்டாக்கும் பள்ளிக்கூடம் அது.

அந்தப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவரை இன்று தமிழ்நாடு முழுவதும் அறியும். அவர்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை.

"தேசிகன்" என்றால் குரு என்று பொருள். பெயரிலேயே ஆசிரியர் இருந்தார்!

தந்தையை இழந்த சிறுவன்

நாகர்கோவிலுக்கும் சுசீந்திரத்துக்கும் பக்கத்தில் தேரூர் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் வயல், ஊரை ஒட்டிப் பெரிய குளம். 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி அங்கே பிறந்தார் தேசிக விநாயகம். தந்தை சிவதாணுப் பிள்ளை. தாய் ஆதிலட்சுமி அம்மாள்.

ஒன்பது வயதிலே தந்தை இறந்துவிட்டார். தாயின் நிழலில் சிறுவன் வளர்ந்தான்.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு சங்கடம். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்ததோ மலையாளம். அம்மாவிடம் பேசும் மொழி ஒன்று, பாடப் புத்தகத்தின் மொழி வேறு என்றால் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? அந்தப் பாட்டை அனுபவித்து அறிந்தவர் அவர்.

ஆனாலும் அவருக்கு நல்ல காலம் இருந்தது. தேரூரை அடுத்த வாணன்திட்டு என்ற இடத்தில் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த ஒரு மடம் இருந்தது. அதன் தலைவர் சாந்தலிங்கத் தம்பிரான். தமிழ்க் கடலைக் கரை கண்டவர். சிறுவனின் ஆவலைக் கண்டு, இலக்கணமும் இலக்கியமும் கற்றுக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் மலையாளம் கொடுத்தது. தம்பிரான் தமிழ் கொடுத்தார். பிறகு கோட்டாறு பள்ளியில் ஆங்கிலமும் கிடைத்தது. மூன்று மொழிகளின் செல்வமும் அந்த ஏழைச் சிறுவனுக்குச் சொந்தமாயின.

திண்ணைப் பள்ளியும் பிரம்பும்

அந்த நாளில் ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். மூத்த மாணவனைச் "சட்டாம்பிள்ளை" ஆக்கிவிடுவார் அண்ணாவி. சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

இந்த முறையைக் கண்டு வெள்ளைக்காரரே அசந்துபோனது உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர்களின் பள்ளி ஒன்றை 1789-ஆம் ஆண்டு முதல் நடத்திவந்தார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதையே செய்தார். பெரிய பையன்கள் சிறிய பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு இங்கிலாந்துக்குப் போய், அதைச் "சென்னை முறை" என்ற பெயரில் பரப்பினார்!

திண்ணைப் பள்ளியில் ஒரு குறை இருந்தது. எல்லாம் மனப்பாடம். பொருள் தெரிந்ததா, தெரியவில்லையா என்று கேட்பவர் குறைவு. ஒப்பிக்கத் தவறினால் பிரம்பு பேசும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு பயமும் வந்தது. அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். பிள்ளைகள் எத்தனை பேர் பரீட்சையில் தேறுகிறார்களோ, அதற்கு ஏற்பப் பள்ளிக்கு உதவிப் பணம் என்ற முறையை 1862-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொண்டுவந்தார்கள். அந்தக் காற்று சென்னை மாகாணத்திலும் வீசியது. விளைவு என்ன? வாத்தியார் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் வரும் தேதியைப் பார்த்தார். பிள்ளை படித்தது அறிவுக்காக அல்ல. அந்த ஒரு நாளைத் தாண்டுவதற்காக!

நூற்றாண்டின் முடிவில் அந்த முறையை இங்கிலாந்தே கைவிட்டது.

வாத்தியாருக்கும் ஒரு பள்ளி

இந்தக் குறைகளைத் தீர்க்க வந்தவைதான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள். படித்தவன் எல்லாம் பாடம் சொல்லிவிட முடியாது. சொல்லிக் கொடுப்பதே ஒரு தனிக் கலை என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

தேசிக விநாயகம் பிள்ளை அத்தகைய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேறினார்.

அங்கே என்ன நடக்கும்? அக்காலப் பயிற்சிப் பள்ளிகளில் மாணவன் முதலில் எழுதக் கற்றது "பாடக் குறிப்பு". நாளைக்கு எடுக்கப் போகும் பாடத்தை இன்றைக்கே தாளில் எழுத வேண்டும். பாடத்தின் நோக்கம் என்ன? பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்தது என்ன? காட்டப் போகும் பொருள் எது? கேட்கப் போகும் கேள்விகள் எவை? கடைசியில் பிள்ளை மனத்தில் நிற்க வேண்டியது எது? எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும்.

பிறகு மாதிரிப் பள்ளியில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அந்தப் பாடத்தை நடத்த வேண்டும். கூடப் படிப்பவர்கள் பின்னால் உட்கார்ந்து குறை குறித்துக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் விசாரணை! குரல் எட்டியதா? கேள்வி தெளிவாக இருந்ததா? கெட்டிக்காரப் பையனையே கேட்டுவிட்டு மூலையில் இருந்த பிள்ளையை மறந்தாயா? ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதல் நாள் கால் நடுங்காதவன் இருக்க மாட்டான். ஆனால் நாள் ஆக ஆக ஓர் உண்மை அவனுக்கு விளங்கும். பிள்ளைக்கு வராவிட்டால், குற்றம் பிள்ளையிடம் மட்டும் இல்லை. தன் பாடக் குறிப்பிலும் இருக்கலாம். இது விளங்கிய அன்றுதான் அவன் ஆசிரியன் ஆகிறான்.

ஐந்து படிகள்

அக்காலப் பயிற்சிப் பள்ளிகளில் பெரிதாகப் போற்றப்பட்ட ஒரு பெயர் ஹெர்பார்ட். ஜெர்மனி தேசத்து அறிஞர். 1776-ல் பிறந்தவர். நம் கவிமணி பிறந்ததற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்!

ஹெர்பார்ட்டின் வழியில் வந்தவர்கள் ஒரு பாடத்துக்கு ஐந்து படிகள் வகுத்தார்கள்.

முதற்படி, பிள்ளைக்கு முன்பே தெரிந்ததைத் தட்டி எழுப்புவது. இரண்டாவது, புதியதைக் காட்டுவது. மூன்றாவது, பழையதையும் புதியதையும் ஒப்பிடச் செய்வது. நான்காவது, அதிலிருந்து ஒரு பொது உண்மையைப் பிள்ளையே காணச் செய்வது. ஐந்தாவது, கண்ட உண்மையை வேறோர் இடத்தில் பயன்படுத்தச் செய்வது.

இதிலே பரீட்சை எங்கே இருக்கிறது? ஐந்து படியிலும் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் கேள்வி உண்டு. விடை வராவிட்டால் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. ஆண்டு முடிவில் வைக்கும் பரீட்சை பிள்ளையை அளக்கும். பாடத்தின் நடுவே கேட்கும் கேள்வி வாத்தியாரையும் அளக்கும்.

கோட்டாறு முதல் திருவனந்தபுரம் வரை

பயிற்சி முடித்த தேசிக விநாயகம் பிள்ளைக்குக் கோட்டாறு பள்ளியில் வேலை கிடைத்தது. தாம் படித்த பள்ளியிலேயே அவர் ஆசிரியர் ஆனார்!

1901-ஆம் ஆண்டு திருமணம். மணமகள் உமையம்மை, ஊர் புத்தேரி. மனைவியை அவர் "தாயி" என்றுதான் அழைப்பாராம்.

கோட்டாற்றுக்குப் பிறகு நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலை. நேற்று பாடக் குறிப்பு எழுதிக் குறை கேட்டவர், இன்று மற்றவர்களின் குறிப்பைத் திருத்தும் இடத்தில் அமர்ந்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே பெண்கள் பயின்ற போதனாமுறைப் பாடசாலையிலும் பெண்கள் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார்.

இது சாதாரணச் செய்தி அல்ல. பெண் படித்தால் போதுமா, வெளியே வந்து வேலை பார்க்கலாமா என்று வீட்டுக்கு வீடு வழக்காடிய காலம் அது. வாத்தியாரம்மாவாக வர விரும்பிய பெண்களுக்குத் தமிழ் கற்பித்தார் கவிமணி. பெண்களின் உரிமைக்காக அவர் பாட்டும் எழுதினார்.

இப்படி முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் அவர் ஆசிரியப் பணி செய்தார்.

பிள்ளை இல்லாதவர் பெற்ற பிள்ளைகள்

தேசிக விநாயகம் பிள்ளைக்கும் உமையம்மைக்கும் குழந்தை இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அவர் பாட்டு எழுதினார்.

அதற்கு முன் குழந்தைகளுக்குத் தமிழில் என்ன இருந்தது? நீதி நூல்கள் இருந்தன. அவை உயர்ந்தவை, சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவை புரியும் நாள் வர, அதன் பின் பல ஆண்டு ஆகும். இன்றைய வயிற்றுக்கு இன்றைய சோறு வேண்டாமா?

கவிமணி அந்தச் சோற்றைச் சமைத்தார்.

"பசுவும் கன்றும்" என்ற அவர் பாட்டைப் படிக்காத பிள்ளை உண்டா? அதைப் பயிற்சிப் பள்ளியின் கண்ணால் பாருங்கள். பசுவும் கன்றும் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவை. நாஞ்சில் நாட்டில் தொழுவம் இல்லாத வீடு அன்று குறைவு. அதுதான் முதற்படி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சிகள். பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது, பசு அழைக்கிறது, கன்று ஓடிவருகிறது. ஒவ்வோர் அடியையும் படம் போடலாம், நடித்துக் காட்டலாம், கேள்வி கேட்கலாம். முடிவில் பிள்ளை மனத்தில் நிற்பது எது? தாயின் அன்பு. ஆனால் அன்பைப் பற்றி அங்கே உபதேசம் கிடையாது. பிள்ளை தானே கண்டுகொள்கிறது.

"ஊகமுள்ள காகம்" கதையும் அப்படித்தான். பானையில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. காகத்துக்கு அலகு எட்டவில்லை. என்ன செய்யும்? இந்த இடத்தில் பாட்டை நிறுத்தி வகுப்பைக் கேட்டுப் பார்க்கலாம். கூழாங்கல் என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். அந்தப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டது. மார்க்கும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம்.

நெல் விளையும் நாட்டுப் பிள்ளைக்கு அவர் "நெற்பானையும் எலியும்" பாடினார். தெருவில் வண்டி மணி கேட்ட காலத்துப் பிள்ளைக்குச் "சைக்கிள்" பாடினார். பிள்ளையின் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பாடத்தைத் தொடங்கினார்.

அம்மாவின் மொழி ஒன்றும் புத்தகத்தின் மொழி ஒன்றுமாக அவதிப்பட்டவர் அல்லவா? அவர் பாட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஊருக்கே ஒரு பாடம்

வகுப்பறைக்கு வெளியிலும் அவர் ஒரு பெரிய பாடம் நடத்தினார். மாணவர்கள் யார்? நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள்!

நாஞ்சில் நாட்டு வேளாளர் சமூகத்தில் "மருமக்கள் வழி" என்ற வழக்கம் இருந்தது. ஒருவன் தேடிய சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்கே போகும். குடும்பத்தை நடத்தும் மூத்த ஆணுக்குக் "காரணவர்" என்று பெயர். அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கண் மூடினால் மனைவியும் மக்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். எத்தனையோ வீடுகள் வழக்கிலே அழிந்தன.

இந்தக் கொடுமையைச் சொல்ல அவர் கோபத்தைக் கையில் எடுக்கவில்லை. சிரிப்பைக் கையில் எடுத்தார். "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" என்ற கதைப் பாட்டை எழுதினார். காரணவர் ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைத் தானே சொல்லுவதாக அமைத்தார். பேச்சும் பழமொழியும் அந்த ஊர்ப் பேச்சு. அந்த ஊர்ப் பழமொழி.

1917-ஆம் ஆண்டை ஒட்டி அது "தமிழன்" என்ற இதழில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை. படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தம் வீட்டுக் கதை என்று கண்டு மௌனமானார்கள்.

தெரிந்த வீட்டைக் காட்டி, தெரியாத உண்மைக்கு அழைத்துச் செல்வது. இது அதே பாடக் குறிப்பு அல்லவா?

மருமக்கள் வழியை ஒழிக்கப் பல ஆண்டுகளாகப் பலர் பாடுபட்டார்கள். 1926-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு என்று சட்டம் செய்தது. மக்களுக்குச் சொத்துரிமை வந்தது. அந்தக் கிளர்ச்சிக்கு மான்மியமும் பெருந்துணையாக நின்றது. 1942-ல் அது புத்தகமாக வெளிவந்தது.

கடுகு கேட்ட புத்தர்

1931-ல் கவிமணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மனைவியின் ஊராகிய புத்தேரியில் அமைதியாக வாழ்ந்தார்.

ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், பேனாவுக்கு இல்லை. கல்வெட்டுகளைத் தேடிப் படித்தார். காந்தளூர்ச் சாலை என்ற பழைய இடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணிக்கும் உதவினார். 1938-ல் "மலரும் மாலையும்" வந்தது. ரசிகமணி டி.கே.சி. அவர் பாடல்களை ஊர் ஊராகச் சொல்லி மகிழ்ந்தார்.

எட்வின் ஆர்னால்டு என்ற ஆங்கிலக் கவிஞர் 1879-ல் புத்தர் வரலாற்றைக் காவியமாகப் பாடினார். கவிமணி அதைத் தழுவி "ஆசிய ஜோதி" எழுதினார். உமர் கய்யாம் பாடல்களையும் தமிழாக்கினார்.

ஆசிய ஜோதியில் வரும் ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். மகனை இழந்த தாய் ஒருத்தி, அவனுக்கு உயிர் வேண்டும் என்று புத்தரிடம் வருகிறாள். சாவு இல்லாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வரும்படி புத்தர் அனுப்புகிறார். அவள் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் உண்டு. சாவு இல்லாத வீடு மட்டும் இல்லை.

புத்தர் உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளையே கண்டுபிடிக்க வைத்தார். உலகத்தின் பெரிய ஆசிரியர் நடத்திய பாடத்தைத் தமிழில் எழுதியவர், ஆயுள் எல்லாம் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர்! அந்தப் பகுதி தமிழ் மக்களின் மனத்தைத் தொட்டதில் வியப்பு இல்லை.

தேடி வந்த பெருமை

1940-ல் சென்னையில் நடந்த தமிழ்ச் சங்க விழாவில் "கவிமணி" என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. வழங்கியவர் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. 1943-ல் செட்டிநாட்டு அண்ணாமலை அரசர் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தார்.

1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி கவிமணி காலமானார். வயது எழுபத்தெட்டு.

அவர் பிறந்த மண் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. தேரூரும் புத்தேரியும் இரணியலும் தமிழ்நாட்டில் சேர்ந்தன. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு, அவர் பட்ட சங்கடம் இல்லை.

தேரூரில் அவருக்கு நினைவு நிலையம் எழுந்தது. 2005-ல் இந்திய அரசாங்கம் அவர் உருவத்தோடு தபால் தலை வெளியிட்டது.

பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் இளைஞர்களும் யுவதிகளும் பாடக் குறிப்பு எழுதுகிறார்கள். எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று சலித்துக்கொள்வதும் உண்டு. முதல் வகுப்பில் கால் நடுங்குவதும் உண்டு. அவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். தேரூரிலிருந்து வந்த ஓர் ஏழை இளைஞரும் இதே வழியாகத்தான் நடந்தார்.

பிள்ளைக்கு எது தெரியும் என்று அவர் முதலில் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார். அவர் வாய் திறந்தபோது பாட்டு வந்தது.